இறக்குமதி

முதலில் வந்த கோப்பைத் திறக்கவே முடியவில்லை.
இந்த வடிவம் தெரியாது என்றது மென்பொருள்,
அழைப்பிதழ் இல்லாமல் வந்தவனை
மண்டப வாசலில் நிறுத்துவது போல.
பேக்கிதெம்பாவுடையது புதிய போன்.
அது எடுப்பதையெல்லாம்
என் பழைய கணினி படமென்றே ஒப்புக்கொள்வதில்லை.
வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றேன்.
நாலு மெகாபைட் மகள்
நாற்பத்தேழு கிலோபைட்டாக வந்து சேர்ந்தாள்.

சாட்ஸ்வொர்த்தில்
டயர் கடைக்கும் சமோசாக் கடைக்கும் நடுவே
என் கடை: ஒரு மேசை, வரையும் பேனா,
வினைல் வெட்டும் இயந்திரம்,
சுவரில் மின்வெட்டு அட்டவணை.
இன்று நான்காம் கட்டம். பத்து மணிக்குப் போய்விடும்.
அவருக்கு டாக்சியின் பின்கண்ணாடி முழுக்க
பட்டமளிப்புத் தொப்பியோடு மகள் வேண்டும்,
கீழே பெயர்: நோம்புமெலெலோ.

மென்பொருளைத் தமிழில் வைத்திருக்கிறேன்,
சனிக்கிழமை வகுப்பில் அரைகுறையாய்க் கற்ற எழுத்து
துருப்பிடித்துவிடாமல் இருக்க.
யார் மொழிபெயர்த்தாரோ,
பாதி மெனு தமிழ், பாதி ஆங்கிலம்,
எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே.
கோப்பு. அதற்குக் கீழே இறக்குமதி.
அந்தச் சொல்லை அழுத்தும்போதெல்லாம்
டர்பன் துறைமுகத்தில் ஒரு கிரேன் அசைவதாக நினைப்பு.
அங்கே கப்பல்கள் வாரக்கணக்கில் வெளியே நிற்கின்றன,
எதன் வயிற்றிலோ என் வினைல் சுருள்களும்.
படம் மட்டும் மூன்று நொடியில் இறங்கிவிடுகிறது.

நேற்று ஒரு கறிக்கடைக்காரர் சேவல் அனுப்பினார்,
வெள்ளைச் சதுரத்தோடு.
சதுரத்திலிருந்து அதை வெளியே எடுக்க மதியமாயிற்று.
கொண்டையில் இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கிறது.

இறங்கியதும் வழக்கமான கேள்வி:
புதிய கோப்பாகவா, இருப்பதன்மேல் ஓர் அடுக்காகவா?
(இந்த ஊரில் எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லை.)
அடுக்காக.

கேன்வாசின் மூலையில் தபால்தலை அளவில் நின்றாள்.
ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
இழுக்க இழுக்க முகம் சதுரம் சதுரமாய்ப் பெயர்ந்தது,
குளியலறை ஓடு போல.
அச்சுக்கு ஆகாது, பார்த்து வரைய ஆகும்.
நாற்பது சதவீதத்துக்கு மங்கவைத்து, பூட்டி,
மேலே வெற்று அடுக்கொன்று விரித்து
நெற்றியிலிருந்து தொடங்கினேன்.

அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
தோளுக்கு வந்ததும் சொன்னார்:
"அந்தக் கை வேண்டாம்."

அப்போதுதான் கவனித்தேன்.
படத்தின் விளிம்பில் பாதியில் முடிந்த ஒரு கை,
மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பாசிமணி,
மகளின் தோள்மேல்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
அவர் கூரையைப் பார்த்தார்.

கையை விடுவது எளிது,
கோடு போடாமல் இருந்தால் போதும்.
ஆனால் விரல்கள் அழுந்திய இடத்தில்
அங்கி நான்காய் மடிந்திருந்தது.
மடிப்பை எடுத்தால்
துணிக்கடைப் பொம்மையின் தோள்.
இரண்டு முறை அழித்தேன்,
இரண்டு முறையும் வேறு யாரோ ஒரு பெண்.
மூன்றாம் முறை நான்கையும் போட்டேன்.
காற்றில் மடிந்தது என்று
நினைக்க விரும்புகிறவர் நினைத்துக்கொள்ளட்டும்.

சேமித்தேன். வெட்டுக்கு அனுப்பினேன்.
ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கத்தி ஓடி முடித்தது.
பத்துக்கு இருட்டு.

போன் வெளிச்சத்தில் பார்த்தார்.
சுட்டுவிரல் தோளுக்குப் போயிற்று:
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவதில் நின்றது.
ஜூலுவில் ஏதோ சொன்னார், என்னிடம் அல்ல.
பேசிய தொகைக்குமேல் ஐம்பது ராண்ட் வைத்துவிட்டு
சுருளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டரைக்கு மின்சாரம் வந்தது.
வேலை முடிந்தால்
இறக்கிய படத்தை நீக்கிவிடுவது என் பழக்கம்,
இடத்தை அடைக்கும்.
குப்பைத்தொட்டிக் குறிமேல் பேனா நின்றது.
பக்கத்தில் இருந்த கண்ணைத் தொட்டேன்.
அது மூடிக்கொண்டது.
அடியில் அந்தக் கை அப்படியே இருக்கிறது.
நாற்பத்தேழு கிலோபைட்.
என்ன பெரிய இடம்.